முதல் பனிக்கு முன்னால்: வின்டர் டயர் வாங்குவதும் மாட்டுவதும்

என் முதல் குளிர்காலத்தில் ஒரு சின்ன இறக்கத்தில் வண்டி நிற்காமல் போனது. வேகம் பதினைந்து கிலோமீட்டர்கூட இருக்காது. பிரேக்கை மிதித்தேன். காலுக்குக் கீழே பெடல் தடதடவென்று உதறியது. வண்டி அதுபாட்டுக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. சிக்னலில் நின்றிருந்த காரின் பின்விளக்குகள் மெதுமெதுவாகப் பெரிதாகிக்கொண்டே வந்தன. கடைசியில் ஒரு முழம் இடைவெளியில் நின்றது. இறங்கிப் பார்த்தபோது கால் நடுங்கியது குளிரினால் இல்லை.

அன்று என் வண்டியில் இருந்தது கோடைக்கால டயர். மொட்டை டயர் எல்லாம் இல்லை, வாங்கி ஒரு வருடம்கூட ஆகாதது, வெட்டுகள் ஆழமாகவே இருந்தன. ஆனால் அந்தக் குளிருக்கு அது செய்யப்பட்டதே இல்லை. பனி விழாத ஊரிலிருந்து வந்து முதன்முதலாகக் குளிரில் வண்டி ஓட்டப்போகிறவர்களுக்கு, எனக்கு அன்று யாரும் சொல்லாததையெல்லாம் இங்கே சொல்லிவிடப் பார்க்கிறேன்.

நிறையப் பேர் கேட்பது இதுதான்: "பார்த்து மெதுவா ஓட்டினா போதாதா?" மெதுவாக ஓட்டுவது நல்லது, கட்டாயம் வேண்டும். ஆனால் நீங்கள் எவ்வளவு திறமையாகப் பிரேக் போட்டாலும் அதைச் சாலையிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது டயர்தான். நான்கு டயரும் தரையைத் தொடும் இடம் ஒவ்வொன்றும் ஓர் உள்ளங்கை அளவு. அந்த நாலு உள்ளங்கையும் பிடிக்கவில்லை என்றால் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் வெறும் பொம்மை.

ஏன் வேறு டயர் வேண்டும்

முதல் காரணம் ரப்பர். கோடைக்கால டயரின் ரப்பர் கலவை சூட்டில் இளகிவிடாமல் இருப்பதற்காகச் செய்யப்பட்டது. வெப்பம் சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்க இறங்க அது விறைக்கத் தொடங்கும். பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டால் பிளாஸ்டிக் செருப்பு மாதிரி வழுக்கும். வின்டர் டயரில் இயற்கை ரப்பரும் சிலிக்காவும் சேர்ந்த கலவை கடுங்குளிரிலும் மிருதுவாகவே இருக்கும். உறைகுளிரில் இரண்டையும் பக்கத்தில் வைத்து நகத்தால் அழுத்திப் பாருங்கள். ஒன்றில் நகம் லேசாகப் பதியும், இன்னொன்றில் பதியாது. அந்த 7 டிகிரியில் ஏதோ கோடு போட்டு மாறுவதாக நினைக்க வேண்டாம், அது ஓர் உத்தேச அளவு. ஆனால் இதிலிருந்து ஒன்று தெரிகிறது: வின்டர் டயர் பனி விழுந்த நாளுக்கு மட்டுமானது இல்லை. பனியே இல்லாத, வெறும் குளிர்ந்த ஈரச் சாலைக்கும் அது தேவை.

இரண்டாவது, வெட்டுகள். வின்டர் டயரின் பட்டைகளை உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் பிளேடால் கீறியது போல மெல்லிய, நெளிநெளியான கீறல்கள் நிறைய இருக்கும். டயர் தரையில் அமரும்போது இவை திறந்து, நூற்றுக்கணக்கான சிறு விளிம்புகளாகப் பனியைக் கவ்வும். அகலமான பள்ளங்களில் பனி போய் இறுகி அடைத்துக்கொள்ளும். அது கெடுதல் என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் பனி பனியோடு நன்றாக ஒட்டும், பனி உருண்டை பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பள்ளத்தில் இறுகிய பனி தரையிலுள்ள பனியோடு உரசித்தான் வண்டி நகர்கிறது, நிற்கிறது.

ஒரு விஷயம் இங்கே சொல்லியாக வேண்டும். தமிழில் நாம் எல்லாவற்றையும் பனி என்றே சொல்லிவிடுகிறோம். மார்கழிக் காலையில் புல்லில் இருப்பதும் பனி, மலையுச்சியில் கிடப்பதும் பனி. டயருக்கு அப்படி இல்லை. புதிதாக விழுந்த தூள்பனி ஒரு மாதிரி, வண்டிகள் ஓடி இறுகிய பனி ஒரு மாதிரி, பாதி உருகிய பனிச்சேறு ஒரு மாதிரி, கண்ணுக்கே தெரியாமல் தார்ச்சாலை மேல் படியும் பிளாக் ஐஸ் முற்றிலும் வேறு. இதில் பலரும் தவறாக நினைப்பது, குளிர் கூடக்கூட வழுக்கலும் கூடும் என்று. பனிக்கட்டி மிகவும் ஏமாற்றுவது பூஜ்யத்தை ஒட்டிய வெப்பத்தில்தான். அப்போது அதன் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். மைனஸ் 20-இல் உள்ள பனிக்கட்டியில் டயர் அதைவிட நன்றாகவே பிடிக்கும்.

உராய்வை வைத்துத் தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் பிரேக் பிடித்த பிறகு நிற்க, உலர்ந்த சாலையில் ஏறத்தாழ 14 மீட்டர் ஆகும். இறுகிய பனியில், நல்ல வின்டர் டயரோடு, 40 மீட்டர் வரை. ஈரமான பனிக்கட்டியில் 100 மீட்டர். நீங்கள் யோசித்துக் காலை வைக்கும் நேரம் இதில் சேரவில்லை. ஆகவே வின்டர் டயர் போட்டுவிட்டோம், இனி எப்படியும் ஓட்டலாம் என்று எண்ணிவிடாதீர்கள். அது மோசத்தைக் குறைக்கும், இல்லாமல் செய்துவிடாது.

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். அந்த வசதி கிளம்புவதற்கு உதவும். நிற்பதற்கு எல்லா வண்டியும் நாலு சக்கரத்தில்தான் பிரேக் பிடிக்கிறது, அதில் உங்களுக்குக் கூடுதல் சலுகை ஒன்றும் கிடையாது. சுலபமாகக் கிளம்பிவிடுவதால் வேகம் கூடிப்போய், பள்ளத்தில் கிடக்கும் பெரிய வண்டிகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

எந்த வகை

டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் உள்ள ஒரு மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் வரைந்த முத்திரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இறுகிய பனியில் சோதித்து, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பிடிமானம் இருந்தால்தான் இந்த முத்திரை கிடைக்கும். 'எம்+எஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால் அதை நம்பி வாங்காதீர்கள். சேறும் பனியும் என்று அதற்குப் பொருள், ஆனால் அது வெட்டின் வடிவத்தை வைத்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது. பனியில் சோதித்த அத்தாட்சி அதில் இல்லை. ஐரோப்பாவில் 2021 மே முதல் டயரோடு வரும் லேபிளில் பனிக்கட்டிக்குத் தனியாக இன்னொரு குறியும் இருக்கிறது. உறைந்த சாலையில் அதிகம் ஓட்டுகிறவர்கள் அதையும் தேடுங்கள்.

வின்டர் டயரிலேயே இரண்டு குடும்பம் உண்டு. கடைக்காரர் கேட்காவிட்டாலும் நீங்கள் கேளுங்கள். ஒன்று, மாதக்கணக்கில் பனி கிடக்கும் வடக்குப் பகுதிகளுக்கானது. ரப்பர் மிக மிருது, கீறல்கள் நெருக்கம், பனிக்கட்டியில் பிரமாதமாகப் பிடிக்கும். ஆனால் 5, 6 டிகிரி வெப்பத்தில் மழை பெய்யும் நெடுஞ்சாலையில் சற்றுத் தளதளவென்று இருக்கும், நிற்கவும் கூடுதல் தூரம் எடுக்கும். இன்னொன்று, பனி வந்து வந்து உருகும் இடங்களுக்கானது. ஈரம், பனிச்சேறு, வேகமான சாலை இவற்றுக்காகச் செய்தது. பனிக்கட்டியில் முதல் வகையை எட்டாது. உங்கள் ஊரில் ஜனவரியில் சாலை வெள்ளையாகக் கிடக்குமா, இல்லை பனி உருக உப்புப் போட்டுக் கறுப்பாக ஈரமாக இருக்குமா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்தது. சில வருடம் அங்கே ஓட்டிய யாரையாவது கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள்.

உலோக ஆணி பதித்த டயர்களும் உண்டு. வழவழப்பான பனிக்கட்டியில் அவற்றுக்கு ஈடில்லை. ஆனால் வெறும் தார்ச்சாலையை அரைத்துத் தூசியாக்கும், சத்தமும் அதிகம். ஜப்பானில் இந்தத் தூசி தாங்காமல் 1990-இல் சட்டமே கொண்டுவந்து கட்டுப்படுத்தினார்கள். ஜெர்மனியிலும் சாதாரணமாக ஓட்ட அனுமதியில்லை. பின்லாந்து, சுவீடன், நார்வேயில் குளிர்காலத்தில் போடலாம். நகரத்துக்குள்ளேயே ஓட்டுகிறவருக்கு ஆணி தேவைப்படாது என்பது என் எண்ணம். உப்புப் போடாத கிராமச் சாலையில், மேடு பள்ளத்தில் தினமும் போய்வருகிறவர் யோசிக்கலாம்.

ஆல் சீசன் டயர்? மேலே சொன்ன மலை முத்திரை உள்ளதாக இருந்து, உங்கள் ஊரில் வருடத்துக்கு நாலைந்து நாள்தான் பனி என்றால் சரி. மற்றபடி அது இரண்டு வேலையையும் அரைகுறையாகத்தான் செய்யும்.

சட்டமும் பார்த்துக்கொள்ளுங்கள். கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம். ஜெர்மனியில் தேதி கிடையாது, சாலையில் பனியோ உறைவோ இருந்தால் கட்டாயம். 2024 அக்டோபர் முதல் அங்கே மலை முத்திரை உள்ளது மட்டுமே கணக்கு. ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை குளிர்காலச் சாலை நிலை இருந்தால் வேண்டும், வெட்டின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. உங்கள் ஊர் விதி என்ன என்பதை அரசுத் தளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

அளவைப் படிப்பது

டயரில் 205/55 ஆர்16 94டி என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 205 என்பது மில்லிமீட்டரில் அகலம். 55 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 55 விழுக்காடு. 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 94 சுமைக்கான எண், ஒரு டயர் 670 கிலோ தாங்கும் என்று பொருள். 91 என்றால் 615 கிலோ. கடைசி எழுத்து, டயர் தாங்கும் உச்ச வேகம்: டி (T) என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர், எச் (H) என்றால் 210, க்யூ (Q) என்றால் 160.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். உங்கள் வண்டிக்கு ஏற்ற அளவும் காற்றின் அளவும் அதில் எழுதியிருக்கும். பல வண்டிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அளவு அனுமதிக்கப்பட்டிருக்கும். அப்படியானால் குளிர்காலத்துக்குச் சற்று ஒடுக்கமான, சின்ன ரிம் உள்ள அளவை எடுங்கள். ஒடுங்கிய டயர் பனிச்சேற்றை வெட்டிக்கொண்டு தரையைத் தொடும், பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் பனியில் மறைந்த குழியில் இறங்கினாலும் ரிம் நசுங்காது, விலையும் குறைவு. ஆனால் பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் ரிம் இடிக்கக் கூடாது என்பதால் அனுமதித்த அளவுக்குக் கீழே போகாதீர்கள். சுமை எண்ணில் மட்டும் சமரசமே வேண்டாம். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இதை மிகக் கவனமாகப் பாருங்கள், பேட்டரியால் அந்த வண்டிகள் கனமானவை.

அப்புறம் வயது. பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 3523 என்றால் 2023-ஆம் ஆண்டின் 35-வது வாரம் செய்தது. பழைய டயர் வாங்குகிறவர்கள் இதைப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. வெட்டு ஆழமாக இருக்கும், ரப்பர் காய்ந்து போயிருக்கும். ஆறு வருடம் தாண்டிய வின்டர் டயரை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நான் வாங்க மாட்டேன்.

நான்குமே வேண்டும்

காசை மிச்சம் பிடிக்க, இழுக்கும் சக்கரம் இரண்டுக்கு மட்டும் வின்டர் டயர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். முன்சக்கரத்தில் மட்டும் போட்டால் முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது. வளைவில் பிரேக் போட்டதும் வண்டியின் வால் முன்னால் வந்துவிடும். அதைத் திருப்பிப் பிடிக்கப் பழகிய ஓட்டுநருக்கே நேரம் போதாது. பின்சக்கரத்தில் மட்டும் போட்டால் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகப் போகும். நான்கும் ஒரே வகை, முடிந்தால் ஒரே தயாரிப்பு. நான்கில் இரண்டு மட்டும் கொஞ்சம் தேய்ந்திருந்தால் நல்ல ஜோடியைப் பின்னால் போடுங்கள்.

முடிந்தால் இன்னொரு செட் ரிம்மும் சேர்த்து வாங்கிவிடுங்கள், இரும்பு ரிம்மே போதும். ஒவ்வொரு பருவத்துக்கும் ரிம்மிலிருந்து டயரைக் கழற்றி மாட்டினால் டயரின் விளிம்பு அடிபடும், கடைக் கூலியும் ஆகும். தனி ரிம் இருந்தால் நீங்களே வீட்டில் மாற்றிக்கொள்ளலாம். ரிம் வாங்கும்போது துளைகளின் எண்ணிக்கை, அவற்றின் இடைவெளி, நடுத்துளையின் அளவு, ரிம் எவ்வளவு உள்ளே தள்ளி உட்காரும் என்ற உள்வாட்டம் (ஆஃப்செட்) எல்லாம் உங்கள் வண்டியோடு பொருந்த வேண்டும். வண்டியின் மாடலையும் ஆண்டையும் சொல்லி வாங்குவதுதான் பத்திரம். நட்டும் கவனிக்க வேண்டியது. அலாய் ரிம்முக்கும் இரும்பு ரிம்முக்கும் நட்டின் அடிப்பகுதி வேறாக இருக்கலாம், ஒன்று கூம்பாக, ஒன்று உருண்டையாக. தவறானதைப் போட்டால் முறுக்கும்போது இறுகியது போலவே இருக்கும், ஓடும்போது தளரும்.

புது வண்டிகளில் டயருக்குள் காற்றழுத்த சென்சார் இருக்கும். இரண்டாவது செட் ரிம்மில் சென்சார் இல்லாவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சில வண்டிகள் சென்சார் இல்லாமல் சக்கரத்தின் சுழற்சியை வைத்தே கண்டுபிடிக்கும். அவற்றில் டயர் மாற்றியதும் மெனுவில் போய் ஒரு முறை ரீசெட் செய்தால் போதும்.

எப்போது மாற்றுவது

இரவு வெப்பம் தொடர்ந்து ஏழெட்டு டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும். முதல் பனி விழட்டும் என்று காத்திருந்தால் அன்றைக்கு ஊரே டயர் கடை வாசலில் நிற்கும், உங்கள் அளவு தீர்ந்திருக்கும். டயர் வாங்க நல்ல சமயம் கோடையின் கடைசி.

வீட்டிலேயே மாட்டுவது

ஸ்டெப்னி மாற்றத் தெரிந்தவருக்கு இது நாலு ஸ்டெப்னி, அவ்வளவுதான். ஆனால் ஸ்டெப்னியை அடுத்த ஊர் வரை ஓட்டினால் போதும், இதை ஐந்து மாதம் ஓட்டப்போகிறீர்கள். அந்த வித்தியாசம் வேலையில் தெரிய வேண்டும்.

சமமான, கெட்டியான தரை வேண்டும். சரிவில் செய்யாதீர்கள், பனி மேல் ஜாக்கி வைக்காதீர்கள். கைப்பிரேக்கைப் போட்டு, கியரில் அல்லது பார்க்கில் விட்டு, தூக்காத பக்கத்துச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். நட்டுகளில் ஒன்று திருடாமல் இருக்கத் தனிச்சாவி போட்டதாக இருக்கலாம். அந்தச் சாவி எங்கே என்று வண்டியைத் தூக்கிய பிறகு தேடாதீர்கள்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே எல்லா நட்டையும் அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். தூக்கிய பிறகு தளர்த்தப் பார்த்தால் சக்கரம் சுற்றும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். ஜாக்கியை எங்கே கொடுப்பது என்பது வண்டியின் அடி ஓரத்தில் சின்னக் குறியாக வெட்டப்பட்டிருக்கும், கையேட்டில் படமும் இருக்கும். அந்த இடத்தில்தான் கொடுக்க வேண்டும், வேறெங்கு கொடுத்தாலும் தகடு உள்ளே போய்விடும். சக்கரம் தரையை விட்டு இரண்டு விரல் எழும்பினால் போதும். வண்டிக்கு அடியில் கையோ காலோ தலையோ போகக் கூடாது. கழற்றிய சக்கரத்தை அப்படியே வண்டிக்கு அடியில் படுக்கவைத்துவிட்டால் ஜாக்கி சாய்ந்தாலும் வண்டி அதன்மேல் உட்காரும்.

நட்டெல்லாம் கழற்றியும் சக்கரம் வராது. இது பலருக்கும் நடக்கும். உப்புத் தண்ணீர் பட்டு ரிம்மின் நடுத்துளை துருவேறி அச்சோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சுத்தியலால் ரிம்மை அடிக்காதீர்கள். இரண்டு நட்டை இரண்டு மூன்று சுற்று மட்டும் திரும்ப மாட்டிவிட்டு, டயரின் பக்கவாட்டில் உள்ளங்காலால் இடமும் வலமுமாக மாற்றி மாற்றி உதையுங்கள். 'டப்' என்று விடும். நட்டு இருப்பதால் சக்கரம் உங்கள் காலில் விழாது.

கழற்றியதும் அந்த இடத்தைப் பாருங்கள். அச்சின் முகத்தில் பழுப்பாக, செதில் செதிலாகத் துரு வட்டமாகப் படிந்திருக்கும். விரலால் தடவினால் பொடியாக ஒட்டும். கம்பிப் பிரஷ் எடுத்து அது பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். ரிம்மின் உள்முகத்தையும் அப்படியே. இரண்டு நிமிட வேலை, ஆனால் முக்கியமானது இதுதான் என்பேன். துருச் செதில் மேல் ரிம் உட்கார்ந்தால் நட்டு எவ்வளவு இறுகினாலும், ஓட ஓட அந்தச் செதில் நொறுங்கும், நொறுங்கியதும் நட்டு தளரும். நட்டின் மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள், கையேடு சொன்னாலொழிய. தடவினால் அதே விசைக்கு அளவுக்கு மீறி இறுகி போல்ட் இழுபடும்.

வின்டர் டயர்கள் பலவற்றில் பக்கச்சுவரில் அம்புக்குறி இருக்கும், வண்டி முன்னால் போகும்போது சக்கரம் சுற்றும் திசை அது. மாற்றி மாட்டினால் தண்ணீரையும் பனிச்சேற்றையும் வெளியே தள்ள வேண்டிய வெட்டு உள்ளே இழுக்கும். சிலவற்றில் வெளிப்பக்கம் எது என்று எழுதியிருக்கும்.

சக்கரத்தை அச்சில் வைத்து எல்லா நட்டையும் முதலில் வெறும் விரலால் சுற்றுங்கள். நாலைந்து சுற்று இலகுவாகப் போக வேண்டும். ஆரம்பத்திலேயே பிடித்தால் மரை கோணலாக ஏறியிருக்கிறது, கழற்றி மறுபடி வையுங்கள். ஸ்பேனரை வைத்து அமுக்கினால் போல்ட் போய்விடும். பிறகு ஸ்பேனரால் லேசாக இறுக்குங்கள், பக்கத்துப் பக்கத்து நட்டாக வேண்டாம். ஒன்று விட்டு ஒன்றாக, நட்சத்திரக் கோலம் போடுவது போல எதிரெதிராகப் போங்கள். அப்போதுதான் ரிம் சாயாமல் சமமாக உட்காரும்.

வண்டியை இறக்கிய பிறகு டார்க் ரெஞ்ச் எடுங்கள், நாம் வைத்த விசை வந்ததும் சத்தம் கொடுக்கும் ஸ்பேனர் அது. எவ்வளவு விசை என்பது கையேட்டில் இருக்கும். பல கார்களுக்கு 100 முதல் 140 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், உங்கள் வண்டிக்கு உரிய எண்ணையே வையுங்கள். அதே நட்சத்திர வரிசையில் ஒவ்வொன்றும் 'டக்' என்று சொல்லும்வரை. ஸ்பேனர் மேல் ஏறி நின்று இறுக்குவது பலமாகத் தோன்றும், ஆனால் அடுத்த முறை கழற்ற முடியாது, பிரேக் தட்டும் வளையலாம்.

50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு முறை டார்க் ரெஞ்ச் வையுங்கள். கடையில் மாட்டியிருந்தாலும் சரி. என் இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு கடையில்தான் மாட்டினேன். மூன்றாம் நாள் இடது முன்பக்கத்திலிருந்து மெல்லிதாக ஒரு 'கடக் கடக்' கேட்டது, வேகம் குறைத்தால் நின்றது. பனியில் ஏதோ கல் மாட்டியிருக்கும் என்று ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஓரம்கட்டி மூடியைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு நட்டு விரலாலேயே சுற்ற வந்தது. அன்றிலிருந்து டார்க் ரெஞ்ச் என் வண்டியின் டிக்கியில்தான் கிடக்கிறது.

காற்று

வெப்பம் ஐந்தாறு டிகிரி இறங்கினால் டயரின் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) குறையும். 20 டிகிரி உள்ள கராஜில் காற்று அடித்துவிட்டு மைனஸ் 15-இல் காலையில் கிளம்பினால் ஐந்து, ஆறு பி.எஸ்.ஐ. காணாமல் போயிருக்கும். ஓட்டை எதுவும் இல்லை, குளிர்ந்த காற்று சுருங்குகிறது, அவ்வளவே. ஆகவே வண்டி இரவு முழுக்க வெளியே நின்ற பிறகு, ஓட்டுவதற்கு முன்னால் அளந்து பாருங்கள். மாதம் ஒரு முறை, கடுங்குளிர் இறங்கும் நாட்களில் கூடுதலாக. பனியில் பிடிக்கும் என்று காற்றைக் குறைத்து ஓட்டச் சொல்லும் பேச்சைக் கேட்காதீர்கள். சாலையில் அது ஆபத்து. வால்வின் மூடியைத் தொலைத்துவிடாதீர்கள், உள்ளே ஈரம் போய் உறைந்தால் காற்று கசியும்.

முதல் சில நாட்கள்

புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டுங்கள். ஆணி டயர் என்றால் முதல் 500 கிலோமீட்டர் வரை சட்டென்று கிளப்புவதும் திடீர்ப் பிரேக்கும் வேண்டாம், ஆணி ரப்பரில் சரியாக அமர வேண்டும்.

பனி விழுந்த முதல் ஞாயிறு காலை, ஆளில்லாத பெரிய வண்டி நிறுத்துமிடம் ஒன்றுக்குப் போங்கள், அனுமதி உள்ள இடமாகப் பார்த்து. 20 கிலோமீட்டரில் போய்ப் பிரேக்கை முழு பலத்தோடு மிதியுங்கள். பெடல் காலுக்குக் கீழே கடகடவென்று உதறும், கீழே கிறீச்சிடும். அது, சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்வது. புதிதாக ஓட்டுகிறவர்கள் வண்டி உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுவார்கள். எடுக்காதீர்கள், நிற்கும்வரை மிதித்தபடியே இருங்கள், திருப்ப வேண்டியதைத் திருப்புங்கள். இந்தப் பத்து நிமிடப் பழக்கம் உங்கள் காலுக்கு மனப்பாடமாகிவிட்டால் பிறகு மறக்காது.

சாலையில் முன் வண்டிக்கு விடும் இடைவெளியை மூன்று மடங்கு, பனிக்கட்டி என்றால் அதற்கும் மேல் ஆக்குங்கள். பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே போட்டு முடித்துவிட்டுத் திரும்புங்கள். பாலங்களின் கீழும் காற்று ஓடுவதால் அவை மற்ற சாலைக்கு முன்பே உறைந்துவிடும். சாலை ஈரமாகத் தெரிந்தும் முன் வண்டியின் சக்கரத்திலிருந்து தண்ணீர் தெறிக்கவில்லை என்றால் அது தண்ணீர் இல்லை, பிளாக் ஐஸ்.

ஒரு காலை ஸ்டீயரிங் திடீரென்று கிடுகிடுவென ஆடினால் பதறாதீர்கள். இரவில் ரிம்மின் உட்புறத்தில் பனி அப்பி உறைந்திருக்கும், ஒரு பக்கம் கனம் கூடியிருக்கும். தட்டி எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். எடுத்த பிறகும் ஆடினால் நட்டைப் பாருங்கள், அப்புறம் கடைக்குப் போங்கள்.

கழற்றி வைப்பது

புது வின்டர் டயரின் வெட்டு எட்டு, ஒன்பது மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். சட்டம் பல நாடுகளில் 1.6 வரை விட்டாலும், 4-க்குக் கீழே போய்விட்டால் பனியில் அதை நம்பாதீர்கள். இளவேனிலில் வெப்பம் ஏறியதும் கழற்றிவிடுங்கள், சூட்டில் இந்த மிருதுவான ரப்பர் வேகமாகக் கரையும், பிரேக் தூரமும் கூடும்.

சோப்புத் தண்ணீரில் உப்பைக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ரிம்மோடு இருந்தால் படுக்கவைத்து அடுக்கலாம், ரிம் இல்லாவிட்டால் நிற்கவைத்து அவ்வப்போது உருட்டி விடுங்கள். வெட்டில் மாட்டிய கூழாங்கற்களைக் குச்சியால் நெம்பி எடுத்துவிடுங்கள். ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் முன் இடது, பின் வலது என்று எழுதிவையுங்கள். அடுத்த முறை மாட்டும்போது அதிகம் தேய்ந்த ஜோடி முன்பக்கம் போகும்.